பதினோரு டப்பாவிலும் கொய்யா விதை

என் தங்கை கம்லா பச்சை மீன் தின்றவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஒன்றரை வருஷம் எங்கள் வாங்யாங் ஊர் முழுக்க, அவள் ஒளிந்து ஒளிந்து தின்கிறாள் என்றுதான் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை அழித்தவள் அவள் மகள் தேங். அழிப்பதற்குள் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எங்கள் அம்மாவுக்கு ஏழு பிள்ளைகள். முதல் இரண்டும் ஆண். இரண்டாவது அண்ணன் பெயர் கம்ஃபான். மூன்றாவது நான். எனக்கு அப்புறம் மூன்று பேர், அதில் ஒருத்தி பல் முளைக்கும் முன்பே போய்விட்டாள். கடைசி கம்லா. எனக்கும் அவளுக்கும் பதினோரு வயசு வித்தியாசம், அவளை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். பிறகு எனக்கு மாப்பிள்ளையாக புன்தாம் ஒரு எருமையும் ஒரு வலையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். கம்லாவுக்கு வந்தவர் சவாத், ஆற்றுக்கு அக்கரைக்காரர். இரண்டு மாப்பிள்ளைகளும் ஒரே படகில் போய் சொங்க்ராம் ஆற்றில் ஒரே வலையை இழுத்தார்கள். அக்கா வீடும் தங்கை வீடும் ஒரே வேலிக்குள்.

கம்லாவுக்கு இரண்டு பையன்கள், நடுவில் ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் எழுதின பெயர் விலாவன். பிறந்தபோது வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருந்தாள், எங்கள் பேச்சில் வெள்ளரிக்குப் பேர் தேங், அப்படியே கூப்பிட்டோம், அதுவே நின்றுவிட்டது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கீழே இருபது டாக்டர்கள். ஊருக்கு வந்தால் அவள் தேங்தான்.

கம்லாவின் கைக்கு ஒரு பேர் உண்டு. புளிமீன். கெண்டையைச் செதில் உரித்து, குடல் எடுத்து, கழுநீரில் அலசி, உப்பும் பூண்டும் ஒட்டரிசிச் சோறும் பிசைந்து சாடியில் அடைத்து வைப்பாள். மூன்றாம் நாள் சந்தைக்குப் போகும். மற்றவர்கள் ஒரு வாரம் ஊறவிட்டு விற்பார்கள், சதை கொழகொழவென்று ஆகியிருக்கும். கம்லாவுடையது மூன்றே நாள், சதை விறைப்பாக, புளிப்பு நாக்கின் ஓரத்தில் மட்டும் நிற்கும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொண்டு அப்படியே தின்பார்கள். அக்கரையிலிருந்து படகு வைத்து வந்து வாங்குவார்கள்.

கொய் மட்டும் அவள் தொடமாட்டாள். வலையிலிருந்து எடுத்த சின்ன மீனை உயிரோடு கொத்தி, எலுமிச்சையும் மிளகாயும் வறுத்த அரிசிப் பொடியும் போட்டுப் பிசைந்தால் அதுதான் கொய். ஆற்றங்கரையில் ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் கொய், வீட்டுக்குத் தூண் நட்டால் கொய், மழை வந்தால் கொய், வராவிட்டாலும் கொய். கம்லா மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவாள். "மீன் இன்னும் வாலை ஆட்டுது, அதுக்குள்ள வாயில போடறான் பாரு. பூனைக்குக்கூட கொஞ்சம் பொறுமை உண்டு" என்பாள்.

எங்கள் ஊரில் நாற்பது வயசைத் தாண்டின ஆண்களுக்குக் கண் மஞ்சளாவது புதிதல்ல. கம்ஃபான் அண்ணனுக்கும் ஆச்சு. முதலில் கண், பிறகு தோல், பிறகு அரிப்பு. சொறிந்து சொறிந்து முதுகில் ரத்தம் வரும். தேங்குக்கு அப்போது பதினோரு வயசு. மாமாவுக்குக் கஞ்சி ஊட்டுவது அவள் வேலை. மீன் அறுப்பதில் அவள் கை அப்போதே கெட்டிக்காரக் கை. பித்தப்பையை உடையாமல் சுண்டு விரலால் தள்ளி எடுத்துவிடுவாள், ஒரு சொட்டு சிந்தாது. ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ வந்தவள் என்னிடம் கேட்டாள்.

"பெரியம்மா, பித்தப்பை உடைஞ்சா மீன் முழுக்கக் கசந்துடும்ல? மாமாவுக்கு உள்ளே உடைஞ்சிடுச்சா?"

"எனக்கு எப்படிடி தெரியும்?"

"யாருக்குத் தெரியும்?"

"டாக்டருக்குத் தெரியும்."

"டாக்டரைக் கேட்டேன். வயசாச்சுன்னார். அவருக்கும் தெரியலை."

அண்ணன் அந்த அறுவடைக்கு முன் போய்விட்டார். தேங் அழுததாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த வருஷம் மாவட்டப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அப்புறம் கோன்கேனில் மருத்துவம். எங்கள் ஊரிலிருந்து அந்த வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான்.

வயிற்றுக்கு, குடலுக்கு, ஈரலுக்குப் பார்க்கும் டாக்டராக ஆனாள். வாய் வழியாக நீளமான குழாயை விட்டு, உள்ளே அடைத்துக்கொண்ட பித்தக் குழாயில் ஒரு சின்னக் குழல் செருகி, பித்தத்தை ஓடவிடுவது அவள் வேலை. மஞ்சளாக வந்தவன் பத்து நாளில் மஞ்சள் தெளிந்து போவான். கைராசிக்காரி என்று பேர் வந்தது. ஏழு வருஷம் அப்படி இருந்தாள். ஒரு புத்தாண்டுக்கு ஊர் வந்தபோது என் வீட்டுப் படியில் உட்கார்ந்து சொன்னாள்.

"நான் குழல் வைக்கிறேன் பெரியம்மா. அரிப்பு நிக்குது. அவங்க வீட்டுக்குப் போறாங்க. ஆறு மாசத்துல திரும்ப வராங்க, அப்புறம் வர்றதில்லை. நான் கடைசி அறையில நின்னுக்கிட்டு இருக்கேன். வாசல்ல போய் நிக்கணும்."

"எந்த வாசல்?"

"புழு உள்ளே வர்ற வாசல்."

மீனின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு உறை, அதற்குள் புழுக்குஞ்சு. வயிற்றுக்குள் போனதும் உறை கரைந்து, குஞ்சு ஏறிப்போய் பித்தக் குழாயில் குடியிருக்கும். இருபது முப்பது வருஷம். குழாய் புண்ணாகி, தழும்பாகி, கடைசியில் புற்று. இதெல்லாம் அவளுக்கு முன்னால் பலர் கண்டுபிடித்தது. அதற்கு மேலே எத்தனையோ தெரியவேண்டியிருந்தது. அவளுடைய பெரிய டாக்டர், "நல்ல கை உனக்கு, அதை எலிக்கூண்டுல போய் வீணாக்காதே" என்றாராம். இவள் ஜப்பானுக்குப் போய் மூன்று வருஷம் படித்து வந்தாள். திரும்பி வந்து கன்னத்தில் பை வைத்த எலிகள் முந்நூறை ஆராய்ச்சிக்கு வளர்த்துக்கொண்டு, ஒரு வேனில் ஸ்கேன் மெஷினை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்ற ஆரம்பித்தாள். எங்கள் ஊருக்கும் வந்தாள்.

முதல் வருஷம் ஊரில் எல்லாருக்கும் மூடி போட்ட டப்பா கொடுத்தார்கள். அவரவர் மலத்தில் கட்டைவிரல் நுனி அளவு எடுத்து வைத்துக் கொடுக்கவேண்டும். புழு முட்டை இருந்தால் மாத்திரை. அந்த மாத்திரை கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. தின்றால் ஒரு நாள் முழுக்கத் தலை சுற்றும், சாராயம் கூடாது. அதோடு தேங்கின் ஆட்கள் ஊர்ப் பொது மண்டபமான சலாவில் எல்லாரையும் உட்கார வைத்து, பெயர் சொல்லி எழுப்பி புத்தி சொல்வார்கள். ஆண்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இரண்டாம் வருஷம் ஊர்த்தலைவர் பிரசேர்ட்டுக்கு ஒரு யோசனை வந்தது. புழு இல்லாத ஊர் என்று பலகை மாட்ட மாவட்ட அதிகாரி வருவதாக இருந்தது. கொய் தின்கிறவர்களின் டப்பாவில் கொய் தின்னாதவர்களின் சரக்கை வைத்துவிட்டால்? ஊரிலேயே சுத்தமான வயிறு யாருடையது? யோசிக்கவே வேண்டாம். கம்லா.

பதினோரு பேர் என் வீட்டுக் கீழே வந்து நின்றார்கள். அதில் என் புன்தாமும் ஒருத்தர். கம்லாவிடம் நேராகக் கேட்க ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை, என்னை அனுப்பினார்கள். கம்லா முதலில் என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இத்தனை வருஷமா என்னை நாக்கு செத்தவள்னு கிண்டல் பண்ணினானுங்க. இப்போ என் பீக்கு வரிசையில நிக்கறானுங்களா?"

"மெதுவாப் பேசுடி."

"எதுக்கு மெதுவா? என் வயிறு கோயில் மாதிரி. எடுத்துட்டுப் போகச் சொல்லு. பலகையில என் பேரையும் ஒரு ஓரமா எழுதச் சொல்லு."

பதினோரு டப்பாவையும் மறுநாள் காலையில் கூடையில் வைத்து வாழை இலை மூடி எடுத்துக்கொண்டு போனவள் நான்தான். அதை மறைக்கவில்லை. பன்னிரண்டாவது டப்பா கம்லாவுடையது.

மூன்று வாரம் கழித்து தேங் வந்தாள். சலாவில் ஊர் கூடியது. அவள் கையில் ஒரு தாள். முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், எனக்கு அந்த முகம் தெரியும்.

"பதினோரு பேர் எழுந்திரிங்க" என்று பெயர் வாசித்தாள். தலைவரோடு சேர்த்து எழுந்து நின்றார்கள்.

"உங்க பதினோரு பேருக்கும் வயிறு ஒண்ணுதானா? முட்டை எண்ணிக்கை ஏறக்குறைய ஒண்ணு. நிறம் ஒண்ணு. பதினோரு டப்பாவிலும் கொய்யா விதை. ஊர்ல அன்னிக்குக் கொய்யா விருந்தா?"

ஊர் சிரித்தது. பிரசேர்ட் கூரையைப் பார்த்தார். அவள் குரல் மாறியது. "சிரிக்க வேண்டாம். இந்த ஆளுக்கு முட்டை நிறைய இருக்கு. போன வருஷம் ஊர்ல யாருக்கும் இவ்வளவு இல்லை. இது யாரோடது? அந்த ஆளை நான் உடனே பார்க்கணும்."

பெண்கள் பக்கத்திலிருந்து கம்லா எழுந்தாள்.

"என்னோடது. என்ன இப்போ?"

தேங் கையிலிருந்த தாள் அப்படியே நின்றது. அவள் பதினோரு டப்பாவைப் பற்றி மட்டும்தான் யோசித்திருக்கிறாள். பன்னிரண்டாவதை வேறு ஆள் பார்த்திருக்கிறான், பெயர் கவனிக்கவில்லை. போன வருஷம் கம்லா சந்தைக்குப் போயிருந்ததால் டப்பாவே கொடுக்கவில்லை, அவளுக்கெதற்கு என்று யாரும் கேட்கவும் இல்லை. மகள் உள்பட.

பின்வரிசையில் ஒருத்தன் ஆரம்பித்தான். "அடடா, கம்லா அக்கா! சாடிக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னா கொய் சாப்பிட்டே?"

"நம்மளைப் பூனைன்னு திட்டிட்டு, பூனை எங்க இருந்திருக்கு பாருங்கடா!"

சிரிப்பு கூரையைத் தூக்கியது. கம்லா சிரிக்கவில்லை. "நான் பச்சை மீன் தொட்டதில்லை" என்றாள். யாரும் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

தேங் பின்னாலேயே ஓடினாள், நானும் போனேன். கம்லா சாடி மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வேன்ல வந்து படு. பத்து நிமிஷம். ஈரலைப் பார்க்கணும். மாத்திரையும் போடணும்."

"நான் படுத்தா தின்னேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

"அம்மா!"

"நீ என்ன நினைக்கறே? அதைச் சொல்லு முதல்ல. நான் தின்னேனா?"

"நீ பொய் சொல்லமாட்டே. தின்னலை."

"அப்போ எப்படி வந்துச்சு?"

"தெரியலை."

"கண்டுபிடி. பெரிய படிப்பு படிச்சிருக்கேல்ல? நான் பச்சை மீன் தின்னலைன்னு அதே சலாவில, அதே ஆளுங்க முன்னால சொல்லு. அன்னிக்கு வந்து படுக்கறேன். அதுவரைக்கும் என் வயித்தை எவனும் பார்க்க வேண்டாம்."

அதுதான் அவர்களுக்குள் நடந்த பேச்சு. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம், எங்கள் அம்மாவிடமிருந்து வந்தது. இங்கே ஒருத்தி உள்ளே என்ன வளர்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அங்கே ஒருத்தி அதற்குள் விடை கண்டுபிடிக்கவேண்டும்.

தேங் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தாள். வந்ததும் முதல் வேலையாக அம்மாவை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து, கண் இமையைக் கீழே தள்ளிப் பார்ப்பாள். வெள்ளையாக இருந்தால்தான் செருப்பைக் கழற்றுவாள். கம்லா அதற்கு மட்டும் முகத்தைக் கொடுப்பாள். அந்தப் பதினோரு பேரையும் ஸ்கேனுக்குக் கூப்பிட்டாள், முதலில் உங்க அம்மா படுக்கட்டும் என்று நழுவிவிட்டார்கள். ஊரில் பேச்சு ஓயவில்லை. சந்தையில் கம்லா நடந்தால் பின்னால் யாராவது "மியாவ்" என்பான்.

நான் ஒருநாள் தேங்கிடம் சொன்னேன், "அந்த மாத்திரையைப் பொடிச்சு பப்பாளிக் கலவையில போட்டுடலாம்டி. மிளகாய்க் காரத்துல அவளுக்குத் தெரியாது."

"வேண்டாம் பெரியம்மா. அம்மாவை ஏமாத்தி மருந்து குடுத்தா, நாளைக்கு ஊர்ல யாருகிட்ட போய் உண்மையைச் சொல்லுன்னு கேப்பேன்?"

அவள் கேட்டதெல்லாம் இதுதான்: அம்மா என்ன தின்கிறாள்? கம்லாவின் தட்டை நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். சுட்ட மீன், மூங்கில் குருத்துக் குழம்பு, எறும்பு முட்டை, வருஷக் கணக்கில் ஊறின மீன் சாறு கொதிக்க வைத்தது. புளிமீனை கம்லா தின்னவே மாட்டாள். சமைக்கிறவளுக்கு அதன் வாசனையே போதும் என்பாள். மீன் வெட்டும் பலகையைச் சுரண்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள். நாலு மாசம். ஒன்றும் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவள் நோட்டை மூடிவைத்துவிட்டு, சும்மா மகளாக அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கம்லா முந்தின நாள் அடைத்த சாடியைத் திறந்தாள். இரண்டு விரலால் சதையில் ஒரு துணுக்கு கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, நாக்கை ஒரு சொடுக்கு சொடுக்கி, இன்னும் ஒரு பிடி உப்பு தூவி மூடினாள். அடுத்த சாடி. அதே கிள்ளல். ஆறு சாடி, ஆறு கிள்ளல்.

தேங் கத்தியைக் கீழே வைத்தாள். "அம்மா, என்ன பண்றே?"

"உப்பு பார்க்கறேன்."

"எப்போதிலேருந்து?"

"சாடி பிடிச்ச நாள்லேருந்து. உப்பு பார்க்காம எவ விப்பா?"

"புளிமீன் தின்னமாட்டேன்னு சொன்னியே!"

"தின்னலையே. உப்புதானே பார்த்தேன்."

நாற்பது வருஷம். வாரத்துக்கு ஆறு சாடி. அடைத்த மறுநாள், மீன் இன்னும் புளிக்க ஆரம்பிக்காத நாள். இத்தனை வருஷமும் அவள் கை அதைச் செய்தது, அவளுக்கே அது தெரியாது, மூச்சு விடுவது மாதிரி. நானும் அதே வேலிக்குள் இருந்து தினமும் பார்த்தேன். எனக்கும் அது தின்பதாகத் தோன்றியதில்லை.

தேங் அதோடு சலாவுக்கு ஓடவில்லை. "எனக்குத் தோணினா போதாது பெரியம்மா, காட்டணும்" என்றாள். கம்லாவிடம் சாடி கேட்டாள். எதற்கென்று சொல்லித்தான் கேட்டாள்.

"என் மீன்ல புழுவா? உப்பு போட்டு, பூண்டு போட்டு, புளிச்சுப் பக்குவமான மீன்ல?"

"தெரியலைம்மா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடறேன்."

"எடுத்துட்டுப் போ. எத்தனை வேணும்? உன் எலிங்க நல்லா சாப்பிடட்டும். செத்துப்போனதுல நல்ல மீன் தின்னு செத்ததுங்கன்னு பேராவது இருக்கும்."

ஒரு நாள் ஊறினது, இரண்டு நாள், மூன்று நாள் என்று ஏழு நாள் வரைக்கும் தனித்தனியாக எடுத்தாள். ஒவ்வொன்றிலும் புழு உறைகளைப் பிரித்து எலிகளுக்குக் கொடுத்தாள். புழு வளர இரண்டு மாசம் ஆகும். பிறகு எலியின் ஈரலைத் திறந்து எண்ணவேண்டும். ஒரு தடவை செய்து முடித்தாள். நம்பவில்லை, இன்னொரு தடவை செய்தாள். மழைக்காலத்து மீனுக்கு ஒரு தடவை, வெயில்காலத்து மீனுக்கு ஒரு தடவை. நடுவில் குளிர்சாதனம் கெட்டுப்போய் அறுபது எலி செத்தது, முதலிலிருந்து ஆரம்பித்தாள். கூட வேலை பார்த்தவர்கள் போதும் என்றார்கள். "எங்க அம்மா சலாவில நின்ன அன்னிக்கு நீங்க பார்க்கலை" என்றாளாம்.

அதற்குள் கம்லா இளைத்துப்போனாள். அது கவலையினாலா வேறெதனாலா என்று யாருக்குத் தெரியும்? வாரா வாரம் இமையைத் தள்ளிப் பார்க்கிற மகள், இப்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள்.

பதினெட்டாம் மாசம் வந்தாள். அம்மாவை உட்கார வைத்தாள். நான் படியில் இருந்தேன்.

"அம்மா, நீ பச்சை மீன் தின்னலை. அதை நிரூபிச்சாச்சு. உப்பு பார்த்த துணுக்குதான். மறுநாள் சாடியில புழுக்குஞ்சு அவ்வளவும் உயிரோட இருக்கு."

கம்லா தலையை ஆட்டினாள்.

"இன்னொண்ணும் இருக்கு. மூணாம் நாளும் சிலது உயிரோட இருக்கு. நீ சந்தைக்குக் கொண்டுபோற நாள். உன் உப்புக்கு, உன் சாடிக்கு அஞ்சாம் நாளுக்கு மேலே எனக்கு ஒண்ணும் கிடைக்கலை. ஆனா அதையும் நம்பி இருக்கமுடியாது. மீனை முதல்ல பனிப்பெட்டியில உறையவிட்டு, அப்புறம் சாடியில அடைக்கணும்."

கம்லாவின் பேர் எதில் இருந்ததோ, அந்த மூன்றாம் நாளிலேயே கை வைத்துவிட்டாள் மகள். நான் ஒரு சண்டை வரும் என்று எழுந்து நின்றேன். கம்லா சாடிகள் பக்கம் திரும்பினாள்.

"ஊர் முன்னால முதல் பாதியை மட்டும் சொல்லிட்டு நிறுத்திடுவியா?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா."

"நீ முடியும்னு சொல்லியிருந்தா உன்னை வெளியே தள்ளியிருப்பேன். அக்கரைக்காரன் பிள்ளைகளுக்கும் நான்தானே வித்தேன்? நானே சொல்றேன்."

அவளே சொன்னாள். அதே சலா, அதே கூட்டம். "நான் கொய் தின்னலை. ஆனா உப்பு பார்த்தேன், அதுல வந்துச்சு. உங்க வீட்டுல என் மூணாம் நாள் மீன் தின்ன எல்லாரும் டப்பா குடுங்க, உங்களோடதைக் குடுங்க. இனிமே நான் எட்டாம் நாள்தான் விப்பேன், உறையவிட்டு அடைச்சது. கொழகொழன்னு இருந்தா வாங்காதீங்க." ஒருத்தன் பின்னால் மியாவ் என்று ஆரம்பித்தான், அவன் பொண்டாட்டி தலையில் ஒன்று வைத்தாள்.

"சொன்னபடி வந்து படு" என்றாள் தேங்.

"வரேன். ஆனா தனியா வரமாட்டேன்." கம்லா ஆண்கள் பக்கம் திரும்பினாள். "என்னோடதைத் தன்னோடதுன்னு குடுத்த பதினோரு பேரும் எழுந்திரிங்க. எனக்கு முன்னால நீங்க படுக்கணும். ஒன்றரை வருஷமா உங்க வயித்துல என்ன இருக்குன்னு எவனுக்கும் தெரியாது, என் வயித்தைக் காட்டியே தப்பிச்சிட்டீங்க."

"எனக்கு வயல்ல வேலை" என்றார் பிரசேர்ட்.

"வயல் ஓடிப்போகாது. தலைவரே, முதல்ல நீங்கதான்."

மறுநாள் காலையில் பதினோரு பேரையும் தலைவரின் வண்டியில் ஏற்றி, பின்னால் கதவோரம் தானே உட்கார்ந்துகொண்டாள், ஒருத்தனும் குதித்துவிடாமல். வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தாள் என்று புன்தாம் பிறகு சொன்னார். நானும் கூடப் போனேன். மாவட்ட ஆஸ்பத்திரி முன்னால் நின்ற வேனில் ஒவ்வொருத்தராகப் படுத்து, சட்டையைத் தூக்கி, குளிர்ந்த பசையைத் தடவ, "ஐயோ" என்று கத்தினார்கள். கம்லா வாசலில் நின்று, "பச்சை மீனை விழுங்கும்போது குளிரலையா?" என்று கேட்டாள்.

தலைவருக்கு ஒன்றும் இல்லை. அடுத்தவனுக்குத் தழும்பு. ஆறாவதாக என் புன்தாம். தேங் மெஷினை அவர் வலப்பக்கத்தில் வைத்தவள் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அங்கேயே வைத்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஏய்யா, பேசாம படு" என்றேன், அவர் பேசவே இல்லை.

சோள மணி அளவில் ஒரு கட்டி. குழாய்க்குள்ளே, வெளியே பரவாமல். வலியில்லை, மஞ்சளில்லை, சாப்பாடு குறையவில்லை. ஆறு மாசம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தேங் சொல்லவில்லை, கம்ஃபான் அண்ணனை எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கூடையை வாழை இலை மூடித் தூக்கிக்கொண்டு போன என் கைகளைப் பார்த்தேன்.

கடைசியாகக் கம்லா படுத்தாள். தேங்குக்கு மெஷினைப் பிடிக்கக் கை வரவில்லை, கூட வந்த டாக்டரைப் பார்க்கச் சொன்னாள். குழாய்கள் தடித்திருந்தன, நிறையத் தழும்பு. கட்டி இல்லை. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கவேண்டும். கம்லா எழுந்து பசையைத் துடைத்துக்கொண்டு, "பார்த்துட்டேல்ல? இப்போ உங்க பெரியப்பாவைக் கவனி" என்றாள். அந்த மாத்திரையை அங்கேயே, தண்ணீர்கூட கேட்காமல், எல்லார் முன்னாலும் விழுங்கினாள்.

புன்தாமுக்கு ஈரலில் ஒரு பாதி எடுத்தார்கள். போகும் முன் ஊர் கூடி அவர் இரண்டு மணிக்கட்டிலும் காப்பாக வெள்ளை நூல் கட்டியது. முதல் நூல் கட்டினவள் கம்லா. ஆபரேஷன் தேங் செய்யவில்லை, அது வேறு டாக்டரின் வேலை. ஆறு மணி நேரமும் அவள் உள்ளே அவர் தலைப்பக்கம் நின்றாள். கண் முழித்ததும் புன்தாம் கேட்ட முதல் கேள்வி, "கொய் இனிமே கிடையாதா?"

"இருக்கு மாமா" என்றாள் கம்லா, "சட்டியில போட்டு வேகவெச்சுத் தரேன். அழுதுக்கிட்டே சாப்பிடுங்க."

இது நடந்து பதினாறு மழை ஆகிவிட்டது. தேங் அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களைப் பார்த்தாள். அவள் வேன் இப்போது ஒன்பது வேன். எங்கே போனாலும் அவள் ஆட்கள் சமையல் செய்கிறவளிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பார்கள்: உப்பு எப்படிப் பார்ப்பீங்க? அதில் எத்தனை பெண்கள் அகப்பட்டார்கள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். வெளிநாட்டில் ஒரு பெரிய மண்டபத்தில் பேசும்போது திரையில் அம்மாவின் சாடியைக் காட்டினாளாம். படத்தைக் கொண்டுவந்து கம்லாவிடம் நீட்டினாள். கம்லா பார்த்துவிட்டு, "எடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவை கழுவியிருக்கலாம்ல?" என்றாள்.

கம்லாவின் புளிமீனுக்குப் பழைய விறைப்பு இல்லை. அக்கரைப் படகு இரண்டு வருஷம் வரவில்லை, பிறகு வந்தது. உப்பு இப்போது அவள் நாக்கில் பார்ப்பதில்லை. ஒரு துணுக்கை எடுத்து அடுப்பில் சுட்டுப் பார்க்கிறாள், ஒவ்வொரு தடவையும் அலுத்துக்கொண்டே.

வருஷா வருஷம் டப்பா நாளில் தேங் சலா வாசலில் தானே நின்று வாங்குகிறாள். யாரையும் கூடை தூக்கவிடுவதில்லை. ஒவ்வொருத்தரிடமும் கண்ணைப் பார்த்துக் கேட்பாள், "உங்களோடதுதானே?" போன வாரமும் கேட்டாள். எண்பத்தைந்து வயசு புன்தாம் கோலை ஊன்றி வரிசையில் நின்று டப்பாவை நீட்டினார்.

"மூடியைத் திறந்து பாரு டாக்டரம்மா. கொய்யா விதை இருந்தா உங்க அம்மாவோடது."

பின்னாலிருந்து கம்லா கத்தினாள்: "எனக்குப் பல்லு போயி அஞ்சு வருஷமாச்சு. கொய்யா தின்னா அது நீங்கதான்!"

தேங் டப்பாவைத் திறந்தே பார்த்தாள். மூடி, பேர் எழுதி, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.